மீரான் சாகிபு வாங்க விடாத லேத்து

மீரான் சாகிபு காலமான சேதி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அரிசி ஆலைக்காரர் ஒருவர் அச்சுத்தண்டு வேலையைத் தூத்துக்குடிப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டதாக அன்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தேன். சாகிபுவின் மைத்துனர் வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, மச்சான் மவுத்தாயிட்டாவ" என்றார். பாதித் திட்டு வாயிலேயே நின்றுவிட்டது.

பேட்டையில் நானும் சாகிபுவும் கூட்டாக ஒரு பட்டறை நடத்தினோம். இரும்பு கடைய எங்களிடம் இருந்தது காலால் மிதித்து ஓட்டும் லேத்து ஒன்றுதான். ஏலத்தில் எடுத்த பழசு. எஞ்சினில் ஓடும் லேத்து வாங்காவிட்டால் ஆலை வேலைகளெல்லாம் கைவிட்டுப் போகும், பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். சின்ன எஞ்சின் ஒன்றும் வாங்கிப் போட்டோம். எந்த நாட்டு லேத்து என்பதில்தான் வந்தது வினை.

சீமை லேத்து உறுதி என்றால், "யானைய வாங்கிட்டு ஆட்டுக்குட்டிய விட்டு இழுக்கச் சொல்லுதீரோ? நம்ம எஞ்சின் தாங்காதுவே" என்பார் சாகிபு. அமெரிக்க லேத்து வேகம் என்றால், "வேகந்தான். ஆழமா வெட்டினா நடுங்கும்" என்பார். செர்மனி லேத்து துல்லியம் என்று ஒருநாள் அவரே ஒப்புக்கொண்டார். நான் கடிதம் எழுத உட்கார்ந்ததும், "பல்சக்கரம் ஒடைஞ்சா எவன்வே அனுப்புவான்?" என்று அதையும் கவிழ்த்தார். யுத்தம் மூண்டு செர்மனிச் சரக்கு நின்றபோது, "பாத்தீரா பிள்ளைவாள்?" என்று கேட்டார். யுத்தத்தையே முன்கூட்டிச் சொன்னவர்போல ஒரு முகம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து ஊர்ப் பெரிய நிலக்காரரான மிட்டாதார் விவகாரத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அவர் பொழுதுபோக்குக்காகச் சீமையிலிருந்து ஒரு லேத்து தருவித்துப் பித்தளைச் சிமிழ் கடைந்துகொண்டிருந்தார். அவருடைய ஆலை வேலையைக் கேட்கத்தான் போனோம். போன இடத்தில் சாகிபு தமது சோதனையைத் தொடங்கிவிட்டார். நீளக் கம்பியை ஒரே வெட்டில் கடைந்து இரு முனையிலும் கனம் அளக்கும் காலிப்பரை வைத்துப் பார்ப்பார். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருந்தால் லேத்து கோணல். மிட்டாதார் ஆசையாக, "எப்படி?" என்றார்.

"சிமிழ் கடைய இது போதும் அய்யா. தண்டு கடைஞ்சா ஆலை ஆடும்."

அந்த வேலையும் போயிற்று. திரும்பி வரும்போது வண்டியிலேயே கத்தினேன். "நல்லாருக்குன்னு சொன்னா உம்ம வாயி வெந்தா போகும்?"

"கேட்டாருல்லா. பொய்தான் வேணும்னா என்னைய ஏன் கேக்கணும்?" என்று வெற்றிலையை மடித்தார்.

அவர் போன பிறகு தடுக்க ஆளில்லை. மைத்துனர் கொடுத்த அவருடைய காலிப்பரையும் பையில் போட்டுக்கொண்டு போன வாரம் தூத்துக்குடிக்குப் போனேன். வியாபாரி புத்தம் புது லேத்தைக் காட்டினார். விலையும் படிந்தது. பணத்தை எடுக்கப் போன கை காலிப்பரை எடுத்தது. கம்பியைக் கடைந்து பார்த்தேன். ஒரு முனை மயிரிழை தடிப்பு.

"இத யாரு அண்ணாச்சி பாக்கப் போறா?" என்றார் வியாபாரி.

நான் பார்த்துவிட்டேனே! வெறுங்கையோடு ரயிலேறினேன்.

இரும்புக் காலிப்பரோடு அந்தப் பாழாய்ப்போன கண்ணையும் எனக்கு விட்டுப் போயிருக்கிறார் மனிதர். பட்டறைக்கு இன்னும் லேத்து வரவில்லை. திட்டுவதற்கும் ஆளில்லை.