இருக்க இடமில்லாமல் ஊர் பார்த்தோம்

ஊர் பார்ப்பது என்றாலே எனக்கு இன்றைக்கும் கால் நோகும்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆறு வருடப் பிரிவுக்குப் பிறகு, என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு, நான் இருந்த இடத்துக்கு, வந்து சேர்ந்தார். வந்தவரை எங்கே வைத்திருப்பது? நான் ஒரு சிஞ்ஞோராவின், அதுதான் இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டிலேயே தங்கி வேலை செய்தேன். குசினிக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன அறை. கணவன் என்றாலும் அங்கே ஆண்கள் வரக்கூடாது. அவர் வியா மக்வேதா தெருப் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பெடியங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த அறையில் ஒரு மூலையில் படுத்தார். அங்கே நான் போய் இருக்க முடியுமா? எனக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான். அதுவும் இரவு எட்டு மணிக்கு முன் திரும்பிவிட வேண்டும். ஆகவே ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்ததும் ஊர் பார்த்தோம்.

துறைமுகம், பூங்கா, கடைத்தெரு எல்லாம் பார்த்துத் தீர்ந்துபோக, ஒரு ஞாயிறு ரயிலேறிப் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போனோம். பழைய மாளிகைகள் இருக்கின்றனவாம். மனுசன் ஒவ்வொரு மதிலுக்கு முன்னாலும் நின்று அண்ணாந்து பார்த்தார். எனக்கோ இத்தனை யன்னலையும் யார் துடைப்பது என்றுதான் தோன்றியது. கிழமை முழுக்கத் தரை தேய்த்த முழங்கால் விண் விண்ணென்று வலித்தது.

“இஞ்சாரும், அந்த வாசலிலை ரெண்டு சிலை நிக்குது, பாத்தனீரோ?”

“ஓம், பாத்தனான். வாங்கோ.”

நான் பார்க்கவேயில்லை.

பிறகு கடலுக்குப் போவோம் என்றார். இறக்கத்தில் நடந்தே போனோம். கரையில் வள்ளங்களை ஏற்றி வைத்திருந்த சின்ன ஊர் அது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கொடுத்துவைத்த சோடி என்று நினைத்திருப்பார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கதைக்க எவ்வளவோ இருந்தது. எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது, இனி ஒரு பிள்ளை கிடைக்குமோ என்பதையெல்லாம் றோட்டில் நடந்துகொண்டா கதைப்பது?

கொண்டுபோன சோற்றைக் கல்லில் இருந்து சாப்பிட்டோம். “கொஞ்சம் சாயிறன், உடனை எழுப்பிவிடுங்கோ” என்று சொல்லி அவர் தொடையில் தலையை வைத்தேன்.

கண் விழித்தபோது வெயில் போய்விட்டது. அவருடைய கோட் என் மேல் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்!

“என்ன மனுசனப்பா நீங்கள்? ஏன் எழுப்பேல்லை? கிடைச்ச ஒரு நாளும் போச்சுது. ஒண்டும் பாக்கேல்லை, ஒண்டும் கதைக்கேல்லை!”

அவர் விறைத்துப்போன காலை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல நீட்டினார்.

“ஆறு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தானே நீர் எனக்குப் பக்கத்திலை நித்திரை கொண்டனீர். எப்பிடியப்பா எழுப்புறது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தவள், அதைச் சொல்லாமல், விறைக்காத மற்றத் தொடையில் தலையை வைத்துக்கொண்டேன்.