துடைத்த காது

மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்த காலத்தில், காரணம் தெரியாத காய்ச்சலோடு பிள்ளைகள் வந்தாலே எனக்கு அலுப்பு தட்டும். சளி இருக்காது, வயிற்றுப்போக்கு இருக்காது, உடம்பு மட்டும் கொதிக்கும். உடுப்பைக் கழற்றி உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை.

ஒருநாள் கடியப்பட்டணத்திலிருந்து ஒருத்தி தன் ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து நடந்தே வந்தாள். மூன்று நாள் காய்ச்சல். பிள்ளைக்குத் துவைத்த சட்டை போட்டுவிட்டிருந்தாள். வரிசையில் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். தொண்டையைப் பார்த்தேன், வயிற்றை அமுக்கினேன், காதிரண்டும் சுத்தமாக இருந்தன. ஒன்றும் பிடிபடவில்லை. படுக்க வைத்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது விரிப்பில் மஞ்சளாகச் சீழ் கண்டேன்.

"காது ஒழுகுதா மக்களே?" என்று தாயிடம் கேட்டேன்.

"மூணு நாளா ஒழுகுது. உள்ள வாறதுக்கு முன்னதான் நல்லா தொடச்சேன். நாத்தத்தோட பிள்ளைய எப்பிடி நர்சம்மா கொண்டு வாறது?"

காட்ட வேண்டியதையே துடைத்துவிட்டு வருகிறாயே என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதன்பின் எந்தத் தாய் வந்தாலும், "எதத் தொடச்சிட்டு வந்திய?" என்றுதான் முதலில் கேட்பேன்.

சில வருஷம் கழித்து என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. காதும் ஒழுகியது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. அறைக்குள் போகும் முன் வாசலில் நின்று, அவள் காதை என் முந்தானையால் அழுத்தித் துடைத்தேன்.