ஒரே வகையில் ஒன்றுதான் செல்லும்

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் மூன்று பையன்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால், உடம்பு சரியில்லை என்றுதான் தெருவில் நினைப்பார்கள். நாங்கள் டிராகன்களைக் கொன்றுகொண்டிருந்தோம், வாயாலேயே. ஒருவன் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவான். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் புகுந்து, விழும் எண்ணைப் பொறுத்து வாழ்வார்கள் அல்லது சாவார்கள். அத்திம்பேர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸ்தான் எங்கள் வேதம். இருபது முகப் பகடை இங்கே எங்கே கிடைக்கும்? பவுடர் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம்.

நடத்துபவன் அந்த வீட்டுப் பிள்ளை. அவனுக்கு விதி என்றால் உயிர். சென்னையில் மீட்டர்படி ஓடிய ஒரே ஜீவன் அவன்தான்.

என் வீரனை ஒன்றரை வருடமாக வளர்த்திருந்தேன். என் மார்க்கைவிட அவன்மேல்தான் எனக்கு அக்கறை. அன்று டிராகன் அவன்மேல் நெருப்பைக் கக்கியது. வந்த சீட்டுப்படி, ஐந்து புள்ளிக் காப்பாவது இருந்தால்தான் பிழைப்பான். என்னிடம் ஆறு இருந்தது: மந்திரக் கவசத்தால் மூன்று, மோதிரத்தால் இரண்டு, பூசாரி ஓதிய மந்திரத்தால் ஒன்று.

“எல்லாம் ஒரே வகை. ஒரே வகையில பெருசு எதுவோ அதுதான் செல்லும். மத்ததெல்லாம் சும்மா. உனக்கு மூணுதான், செத்துட்டான்” என்று நடத்துபவன் ஜெராக்ஸைத் தட்டினான்.

“இன்னாடா, அநியாயமா கீதே” என்றான் கோடம்பாக்கத்திலிருந்து வரும் நண்பன். அவனுடைய மந்திரவாதி போன மாதமே செத்துவிட்டதால், நியாயம் பேச அவனுக்கு நிறைய நேரம் இருந்தது.

அப்போதுதான் ஜெராக்ஸைத் தட்டிய கையைப் பார்த்தேன். அடுத்த வாரம் அவனுக்கு இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வு. ஒருமுறை கோட்டை விட்டிருந்ததால், இந்தமுறை அவன் அம்மா எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. மணிக்கட்டில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் சிவப்புக் கயிறு, நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கறுப்புக் கயிறு, மஞ்சளில் ஒன்று, எந்தக் கோயில் என்றே தெரியாமல் அத்தை அனுப்பியது ஒன்று.

“உன் கையில நாலு இருக்கே, எதுடா செல்லும்?” என்றேன்.

“அது வேற.”

“எப்படி வேற? நாலும் பரீட்சைக்குத்தானே? பெருசு எதுன்னு சொல்லு. மத்த மூணையும் வெட்டிடு. என் வீரனை நானே எரிச்சுடறேன்.”

கோடம்பாக்கத்தான் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து மரியாதையாக முன்னால் வைத்தான்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. “என்னடா வெட்டறேள் அங்க?” என்று அம்மாவின் குரல்.

“பேப்பர்மா” என்றபடி, அவன் மஞ்சள் கயிற்றுக்கு அடியில் கத்தரியை நுழைத்தான். வீட்டில் வாய் கிழிய நாத்திகம் பேசுகிறவன் நான். ஆனாலும் இவன் வெட்டிவிட்டு, பரீட்சையும் ஊத்திக்கொண்டால்? உண்மையிலேயே பயந்துபோனேன். ‘விடுடா’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே கத்தரியைக் கீழே வைத்தான்.

“சரி, சேரும். இனிமே எல்லாமே சேரும்” என்று அந்த விதியைப் பேனாவால் அடித்தான். முகம் செத்துக் கிடந்தது. என் வீரன் பிழைத்தான். லஸ் முனை வரை கேட்கும்படி கத்தினேன்.

தேர்வு முடிந்த ஞாயிறு மறுபடி கூடினோம். நன்றாகவே எழுதியிருப்பதாகச் சொன்னான். பிறகு, சாவகாசமாக டிராகனைக் கொண்டுவந்தான். அது இரண்டு கவசம், நான்கு மோதிரம், ஒரு கிராமத்துப் பூசாரிகள் அத்தனை பேரின் மந்திரம் என்று சகல காப்புகளோடும் வந்திருந்தது. எல்லாம் சேர்ந்தது. என் வாள் அதன்மேல் ஒரு கீறல்கூடப் போடவில்லை. ஒன்றரை வருட வீரன் ஒரே மூச்சில் சாம்பலானான்.

“டிராகனுக்கு யாருடா இவ்வளவும் கட்டிவிட்டது?” என்றேன்.

அவன் டப்பாவை மூடினான். “ஏன், அதுக்கும் ஒரு அம்மா இருக்கமாட்டாளா?”