வெளியே போன சர்வீஸ்

எதையும் தேதியோடு சொல்லாவிட்டால் எனக்குச் சொன்னது போலவே இருக்காது. எந்த மைதானம், எதிரே யார், காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் தோற்றேன் என்று எல்லாவற்றையும் குறித்து வைக்கும் பழக்கம் ஆடுகிற காலத்திலேயே வந்துவிட்டது. ஆகவே இதையும் முறைப்படி தொடங்குகிறேன். காணும் பொங்கல் கழிந்து வந்த முதல் சனிக்கிழமை. சேரப்பணஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தின் டென்னிஸ் மைதானம். வெயில் நேர் உச்சியில், காற்று தெற்கிலிருந்து. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. என் வாழ்க்கையின் நான்காவது இறுதிப் போட்டி அன்றுதான் நடந்தது.

முதல் மூன்றும் நான் டென்னிஸ் ஆடிப் பிழைத்த காலத்தைச் சேர்ந்தவை. பிழைத்தேன் என்றால், கிடைத்த பணம் ரயில் டிக்கெட்டுக்கும் மட்டைக்கு நரம்பு கட்டவும் சரியாக இருந்தது என்று அர்த்தம். உலகத் தரவரிசையில் எனக்கும் ஓர் எண் இருந்தது. ஏறக்குறைய பின்கோடு மாதிரி நீளமாக இருக்கும். முதல் இறுதிப் போட்டியில் என்னைவிட நன்றாக ஆடியவளிடம் தோற்றேன். இரண்டாவதில் வயிற்றுப்போக்கிடம் தோற்றேன். மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். டென்னிஸில் சர்வீஸ் போட இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டும் கோட்டுக்கு வெளியே போனால் புள்ளி எதிராளிக்கு. என்னுடைய இரண்டும் வெளியே போயின. பிறகு ஆட்டமும் போயிற்று. அப்புறம் தோளில் அறுவை சிகிச்சை, கல்யாணம், கணவருக்கு ஒரகடத்தில் வேலை, இந்த வீடு. வரவேற்பறை அலமாரியில் இரண்டாம் பரிசுக் கோப்பைகள் மூன்று நிற்கின்றன. தூசு தட்டுவது என் வேலை இல்லை என்று கணவரிடம் முதல் மாதமே சொல்லிவிட்டேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் பொங்கலுக்குக் கோலப் போட்டியும் மியூசிக்கல் சேரும் நடத்தும். இந்த முறை பக்கத்து ஊர்க்காரர்களும் கலந்துகொள்ளலாம் என்று சொல்லி டென்னிஸையும் சேர்த்தார்கள். சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து, நான் பரிசு கொடுத்தால் பொருத்தமாக இருக்கும் என்று நயமாகச் சொன்னார். வாங்கினால் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்றேன். அவர் போய்க் கமிட்டியோடு பேசிவிட்டு வந்தார். மற்றவர்களுக்கு இரண்டு சர்வீஸ், எனக்கு மட்டும் ஒன்று, அது வெளியே போனால் அடுத்த வாய்ப்பு கிடையாது என்றார். சம்மதமா என்று அவர் கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டேன். ஒரு பட்டம் வேண்டும், அவ்வளவுதான். அது எங்கள் ஏ பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் நடுவில் கிடைத்தாலும் சரி. மறுநாளிலிருந்து பால்கனியில் கயிறு தாண்டத் தொடங்கினேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, தண்ணீர் மோட்டார் ரிப்பேரா என்று விசாரித்தார்.

எட்டுப் பெண்கள் ஆடினார்கள். இறுதிப் போட்டியில் எனக்கு எதிராக வந்தவள் மணிமங்கலத்துப் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பு அந்த ஊரில்தான் பல்லவர்கள் சாளுக்கியப் படையை அடித்துத் திருப்பி அனுப்பினார்கள் என்று படித்திருக்கிறேன். படித்ததை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். "அப்ப நீங்க தான் சாளுக்கியரு, ஆன்ட்டி" என்றாள் உடனே.

ஆன்ட்டி என்றது கொஞ்சம் சுட்டது. டாஸ் போடும்போது இன்னும் ஒரு படி மேலே போனாள். "பாத்து ஆடுங்க ஆன்ட்டி. முட்டிய ஒடச்சிக்கினு எம்மேல பழி போடாதீங்க."

அவள் பள்ளியிலும் அதற்குப் பிறகும் பூப்பந்து ஆடியவள். மாவட்ட அளவில் ஆடியிருக்கிறாள். பூப்பந்தில் கம்பளிப் பந்து தரையைத் தொடவே கூடாது. தொட்டால் புள்ளி போச்சு. அந்தப் பழக்கத்தில் டென்னிஸ் பந்தையும் அவள் தரைக்கு விடமாட்டாள். எது வந்தாலும் பாய்ந்து அந்தரத்திலேயே வெட்டி அனுப்புவாள். பார்க்க அழகாக இருக்கும், எதிரே நிற்பவளுக்கு மூச்சு வாங்கும். ஒரே ஒரு சிக்கல். டென்னிஸில் சர்வீஸ் பந்தை மட்டும் ஒரு முறை தரையில் குத்தவிட்டுத்தான் அடிக்க வேண்டும். முந்திக்கொண்டு மட்டையை நீட்டினால் புள்ளி சர்வீஸ் போட்டவருக்கு. முதல் சுற்றில் அவள் இப்படியே நிறையப் புள்ளிகளைத் தானமாகக் கொடுத்தாள். அதிலிருந்து, எதிராளி சர்வீஸ் போடும் ஒவ்வொரு முறையும் அவளுடன் வந்திருந்த அண்ணியும் சித்தியும் வேலிக்கு வெளியே நின்று "உடு, உடு" என்று கத்தி ஞாபகப்படுத்தினார்கள்.

ஆண்கள் இரட்டையர் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனதால் நாங்கள் இறங்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. யார் முதலில் ஆறு கேம் எடுக்கிறாரோ அவருக்குப் பட்டம். ஆனால் அவளுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். மணிமங்கலத்தில் புறப்படும் கம்பெனி பஸ் படப்பை வழியாக வந்து எங்கள் வளாக வாசலில் ஒன்று பத்துக்கு அவளை ஏற்றிக்கொள்ள வேண்டும். யூனிபார்ம் சட்டையோடுதான் ஆடினாள். சேஃப்டி ஷூ நாற்காலிக்கு அடியில் தயாராக இருந்தது. பல ஆட்டங்களுக்கு நேரம் முடிந்ததும் மணி அடிப்பார்கள், டென்னிஸுக்கு மணி கிடையாது. கடைசிப் புள்ளி விழும்வரை அது முடியாது என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். இந்தப் பக்கத்திலோ தூக்கம், சாப்பாடு, பெண் பார்க்கப் போவது, எல்லாவற்றுக்கும் ஷிப்ட் பார்த்துத்தான் நேரம் குறிப்பார்கள். இரண்டும் எங்கள் வாசலில் மோதப்போகின்றன என்பது எனக்கு நாலுக்கு நாலு ஆனபோதுதான் உறைத்தது.

ஐந்துக்கு நாலு என்று நான் முன்னே போனேன். அடுத்த கேமில் சர்வீஸ் என்னுடையது. அப்போது பஸ் வந்து நின்றது.

அண்ணி ஓடிப்போய் ஜன்னலில் என்ன சொன்னாளோ தெரியாது. பஸ் மொத்தமாக இறங்கி வந்தது. சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வேலி நெடுக நின்றார்கள். டிரைவர் மட்டும் சீட்டை விட்டு இறங்கவில்லை. என்ஜினை ஓடவிட்டு, கதவு வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்: "ஒரே கேமு. அதுக்கு மேல நின்னா எனக்கு மெமோ."

பஸ் முழுக்க அவளுடைய ஆட்கள். நான் பந்தைக் கையில் எடுத்தாலே "உடு, உடு" என்று ஐம்பது குரல் எழுந்தது. என் பதினோரு வருட டென்னிஸ் வாழ்க்கையில் இத்தனை பேர் என் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு சர்வீஸை வலையில் அடித்தேன். எனக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லையே, புள்ளி அவளுக்கு. அவள் ஒரு பந்தை வலைக்கு மேலேயே சாய்த்து என் காலடியில் வைத்தாள். நான் ஒன்றை அவள் தலைக்கு மேல் தூக்கிப் போட்டேன், திரும்பி ஓடி எட்டாமல் நின்றாள். இழுபறியில் நாற்பதுக்கு முப்பது என்று வந்தேன். இன்னும் ஒரு புள்ளி போதும்.

அந்த இடத்தில் நின்று பழக்கமிருக்கிறது. பந்தை மேலே போட்டேன். பந்துக்குப் பின்னால் சரியாகச் சூரியன். கண்ணை மூடிக்கொண்டுதான் அடித்தேன் என்று நினைக்கிறேன். மட்டையை விட்டுப் போகும்போதே தெரிந்தது: பந்து கோட்டைத் தாண்டி வெளியே, இரண்டு கை நீளத்துக்கு வெளியே போகிறது. மறுபடியும் அதேதான் என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஹாரன் அலறியது. டிரைவர் ஆட்டத்தில் லயித்து முழங்கையை ஹாரனில் ஊன்றிவிட்டார். திடுக்கிட்டவள் பாய்ந்தாள். அந்தரத்தில் பந்தைச் சந்தித்து என் இடது மூலையில் கத்தி மாதிரி இறக்கினாள். அன்றைய ஆட்டத்திலேயே அழகான அடி அதுதான்.

வேலி அதிர்ந்தது. நடுவராக உட்கார்ந்திருந்த சங்கப் பொருளாளர், கைதட்டி முடித்துவிட்டு "ஃபார்ட்டி ஆல்" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். பெருந்தன்மையாக விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சர்வீஸ் பந்து தரையைத் தொடுமுன் அவள் தொட்டுவிட்டாள், அது உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்பது கணக்கில்லை, புள்ளி என்னுடையது, கோப்பையும் என்னுடையது என்றேன். ஐம்பது பேரும் ஒரே குரலில் ஊளையிட்டார்கள். "வெளிய போற பாலுக்கு எப்டிம்மா பாயிண்டு குடுப்பாங்க?" என்று டிரைவர் சீட்டிலிருந்தபடியே வழக்குக்கு வந்தார். பொருளாளர் செல்போனை எடுத்து விதியைத் தேடினார். கண்ணாடியை எடுத்து வரவில்லை. வேலி ஓரம் நின்ற கம்பெனி லைன் சூப்பர்வைசர் ஒருவர் வாங்கி, மெஷின் கையேட்டைப் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். படித்து முடித்ததும் பொருளாளர் என் பக்கம் கை நீட்டினார்.

அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு வலையின் மேல் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பூப்பந்துல கீழ உட்டா தோத்தோம். இதுல உடலன்னா தோத்தோம். இன்னா கேமுக்கா இது?"

அக்கா என்றாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நானும் வலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல சர்வீஸ் போட்டுத் தோற்றதுண்டு, மோசமான சர்வீஸ் போட்டுத் தோற்றதும் உண்டு. மோசமான சர்வீஸ் போட்டுப் பட்டம் வாங்கலாம் என்று எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

பரிசைச் செயலாளர் அவசரமாகக் கையில் திணித்தார். கோப்பை இல்லை, பெரிய ஹாட் பாக்ஸ். டிரைவர் நிஜமாகவே ஹாரன் அடித்தார். அவள் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியவள் திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீயும் ஏறுக்கா. அவுட்டு பால்ல ஜெயிச்ச மூஞ்ச எங்க லைன்ல எல்லாரும் பாக்கட்டும்."

ஏறிவிட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. வழி நெடுகக் கிண்டல்தான். ஒரகடம் கூட்டுச்சாலையில் பஸ் திரும்பியபோது பின் சீட்டிலிருந்து யாரோ "உடு, உடு" என்று ஆரம்பித்து, டிரைவரும் சேர்ந்துகொண்டார். ஹாட் பாக்ஸ் கைமாறிக் கைமாறிப் பின்னால் போய், பொங்கல் முறுக்கும் அதிரசமும் நிறைந்து என் மடிக்குத் திரும்பியது.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி என்னை இறக்கிவிட்டார், அடையாள அட்டை இல்லை. பஸ் உள்ளே போயிற்று. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் ரோட்டோரத்தில், குட்டைப் பாவாடையும் மட்டையும் ஹாட் பாக்ஸுமாக நின்று கணவருக்கு போன் செய்தேன். ஜெயித்துவிட்டேன் என்றேன். எங்கே இருக்கிறாய் என்றார். சொன்னதும், அங்கேயே நில் என்று பைக் சாவியைத் தேடப் போனார்.

ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து என் கையிலிருந்ததைப் பார்த்தார். "யக்கா, தக்காளி சோறா, லெமன் சோறா?" சோறு இல்லை, பட்டம் என்றேன். முறுக்கைக் கொடுத்து, உட்காரச் சொல்லி, முதல் கேமிலிருந்து ஆரம்பித்தேன். இன்னும் இரண்டு டிரைவர்கள் வந்தார்கள்.

கணவர் பைக்கில் வந்து சேர்ந்தபோது நான் நடைபாதையில் கோடு கிழித்து, இல்லாத பந்தை மேலே போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "கிளம்பலாமா?" என்றார்.

"கொஞ்சம் இரு," என்றேன். "இப்பதான் நாலுக்கு நாலு. இன்னும் பஸ்ஸே வரலை."