பந்தயக் காரின் மூன்றாம் சிலிண்டரும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், பூசைக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இச்சிறு நினைவு மலரை அன்புடன் தருகிறோம்.

அண்ணன் இராயபுரத்தில் பிறந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா இடுப்பொடிந்து படுத்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. தம் படிப்பை விட்டு மோட்டார் பட்டறையில் சேர்ந்தார். என் படிப்பை நிறுத்தவிடவில்லை. நான் ஆசிரியையானது அவரால்தான். கோயிலில் அவர் பாடினால் பக்கத்திலிருப்பவர்களுக்கும் ராகம் தப்பும். ஆனாலும் எல்லோரையும்விட உரக்கப் பாடுவார்.

எண்ணூரில் ஒரு துரை பந்தயத்துக்கென்றே வேகமான கார் வைத்திருந்தார். ஒருநாள் அது இழுக்காமல் திணறியது. எண்ணெய் பார்க்காமல் ஓட்டி என்ஜினைத் தேய்த்துவிட்டதாகச் சொல்லி, டிரைவர் சூசையை நீக்கிவிட்டார். வண்டியைப் பட்டறையில் விட வந்த சூசை ஓரமாக நின்றிருந்தார். பள்ளி விடுமுறையாதலால் அன்று அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனவள் நான்.

அண்ணன் கைப்பிடியால் என்ஜினை மெல்லச் சுற்றினார். நான்கு சிலிண்டர்களில் மூன்று கையை எதிர்த்துத் தள்ளின. மூன்றாம் சிலிண்டர் மட்டும் சும்மா வழிவிட்டது.

“இதுல கம்ப்ரஷனே இல்ல. காத்து எங்கியோ ஓடிப்போவுது.”

பிளக்கைக் கழற்றி, உள்ளே ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி சுற்றினார். மாற்றமில்லை.

“எண்ணெ இல்லாம ஓட்டி பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருந்தா, இப்ப எண்ணெ ஊத்துனதும் இறுகும், சூசை. உம்மேல தப்பில்ல. இது வால்வு.”

பிறகு வால்வின் தண்டுக்கும் அதைத் தள்ளும் கம்பிக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளியில் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகினார். நுழையவில்லை. அண்ணன் முகம் மாறியது. இடைவெளி போதாததால், சூடேறி நீண்ட வால்வு முழுதாக மூடாமல் விளிம்பு கருகியிருந்தது. போன மாதம் அதே வண்டியைப் பழுதுபார்த்து, பந்தயத்துக்கு நேரமாகிறதென்று அந்த இடைவெளியைச் சரிபார்க்காமல் அனுப்பியவர் அண்ணனேதான்.

“கம்முனு இருப்பா,” என்றார் பட்டறை மேஸ்திரி. “வால்வு மட்ட சரக்குன்னு தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“வாணாம் மேஸ்திரி. நான் வுட்ட தப்பு. நானே சொல்லிடறேன்.”

சோற்றைத் தொடவில்லை. புது வால்வை அரைப்புப் பசை தடவித் தேய்த்துப் பொருத்தினார். மேலே மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சொட்டும் கசியவில்லை என்று கண்ட பிறகே மூடினார். மறுநாள் சூசையுடன் போய்த் துரையிடம் நடந்ததைச் சொன்னார். சூசைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அண்ணன் இனி தம் வண்டியைத் தொடக்கூடாதென்று துரையிடமிருந்து பட்டறைக்குச் சீட்டு வந்தது. மேஸ்திரியும் அந்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்.

“வருத்தமா கீதா, அண்ணா?” என்று கேட்டேன்.

“கீதும்மா. நல்ல வண்டி,” என்றார்.

சில மாதம் துறைமுகத்தில் கூலிக்குப் போய், பிறகு பெரம்பூர் ரயில் பட்டறையில் சேர்ந்தார். அங்கேதான் கடைசிவரை உழைத்தார். நெஞ்சு நோயில் கிடந்த நாள்களில் முறைவைத்து உடனிருந்த பட்டறைத் தோழர்களுக்கும், மருந்து வாங்க அலைந்த சூசைக்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணன் செய்த பிழையை மலரில் எழுத வேண்டாமென்று உறவினர் சிலர் சொன்னார்கள். அண்ணியிடம் கேட்டேன்.

“எழுதும்மா,” என்றார். “அவரே அத ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தவருதான.”