சேற்றில் இறக்கிப் பார்க்காத மோட்டார் சைக்கிள்

என் நிறை எவ்வளவு என்பதை நான் முதன்முதலாக அறிந்தது முல்லைத்தீவில் ஒரு நெற்கடையின் தராசில். தட்டில் கிடந்த மூட்டையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் என்னை ஏறச் சொன்னார் மாட்டுத் தரகர். இரண்டு அந்தரும் ஏழு றாத்தலும் காட்டியது. இன்றைய கணக்கில் நூறு கிலோவுக்கு மேல்.

"ஏழு றாத்தல் செருப்பு" என்றேன்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தரகர் சிரிக்கவில்லை. முஸ்லிம் ஆள் என்பதால் ஊரில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"மருத்துவிச்சியம்மா ஒரு அந்தர் வருவாவோ?"

"அதை என்ர மனுசியிட்டைக் கேட்டால் பிறகு என்னை நிறுக்க வேண்டி வராது நானா. எடுத்துக்கொண்டு போய்ப் புதைக்கிறதுதான்."

"ஒரு அந்தர் எண்டு வைப்பம். பை பத்து றாத்தல். பாரம் தெரியாமல் மாடு பூட்டுறேல்லை, கிளாக்கர்."

நாங்கள் மாடு வாங்கப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் வாங்கப் போயிருந்தோம். அதற்கு மாட்டுத் தரகரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். எங்கள் குடியேற்றத்தில் உயிருள்ள எதை வாங்குவதென்றாலும் அவரைத்தான் அழைப்பார்கள். உயிரில்லாத ஒன்றுக்கு அவரை அழைத்தால் நல்ல பகிடியாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் நான் கேட்க முன்னமே அவர் வருவதாகச் சொல்லிவிட்டார். அதற்கு அவரிடம் காரணம் இருந்தது.

நான் அரசாங்கக் கச்சேரியில் இருபத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவன். அரசாங்கம் எனக்குத் தெரியாத பாஷையில் பரீட்சை எழுதச் சொன்னபோது, எழுதாமல் வேலையையும் கதிரையையும் கொடுத்துவிட்டு வந்தேன். கொள்கைக்காக வந்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். பரீட்சை மண்டபத்தில் இளந்தாரிகள் நடுவில் வியர்த்துக்கொண்டு இருக்கப் பயந்து வந்தேன் என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் அரசாங்க மருத்துவிச்சி. முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் ஒரு குடியேற்றத்தில் அவளுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். நாற்பத்தேழு வயதில் நான் அந்த வீட்டின் தளபாடங்களில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தேன். அலுமாரிக்கும் எனக்கும் வித்தியாசம், அலுமாரி சாப்பிடாது.

அவள் பிள்ளைப்பேறு பார்க்க வரம்பிலும் குளக்கட்டிலும் நடந்து போய் வந்தாள். சில வேளை யாராவது மாட்டு வண்டில் கொண்டு வருவார்கள். அவளுடைய காலைப் பார்த்த ஒருநாள் எனக்கு வெட்கம் வந்தது. மோட்டார் சைக்கிள் வாங்கி அவளை நானே ஏற்றிக்கொண்டு போவேன் என்று அறிவித்தேன். அவள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தரகருடைய காரணம் அவருடைய மகள். குளத்துக்கு அப்பால் மூன்று கட்டை தூரம் உள்ளே கட்டிக் கொடுத்திருந்தார். முதல் பிள்ளை, மருத்துவிச்சி போய்ச் சேர முன்னமே பிறந்து, தங்காமல் போய்விட்டது. இப்போது மறுபடியும் வயிற்றில். மார்கழியில் என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

"எனக்குத் தரகு வேண்டாம், கிளாக்கர். அந்தப் பாதையில போற சாமானாப் பாத்து வாங்குவம்" என்று காலையில் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

கராஜில் இரண்டு நின்றன. ஒன்று ஒல்லியானது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஓடியது. மற்றது உலக யுத்தத்தில் பட்டாளத்துக்கென்று வந்து, பிறகு இரண்டு மூன்று கை மாறியது. அதன் எண்ணெய்த் தாங்கி ஒரு கன்றுக்குட்டியின் வயிறு போல் இருந்தது.

முதலில் ஒல்லியானதில் ஏறினேன். ஏறினேன் என்று எழுதுவது சுலபம். வலது முழங்கால் ஓரளவுக்கு மேல் மடங்காது. காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட முயன்றபோது கராஜ்காரர் என் இடுப்பைப் பிடித்துத் தள்ளினார். இருந்ததும் பின் வில் இரண்டும் அமுங்கி ஒரு முனகல் கேட்டது. கைபிடி என் வயிற்றில் இடித்தது. எதிரே தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "அண்ணை, சைக்கிள் எங்கை? காணேல்லை" என்றான்.

ஊரில் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பவன் நான். என்னைப் பார்த்து ஒருவன் சிரித்ததும் காது இரண்டும் சுட்டது. உடனே இறங்கினேன்.

பெரியதில் இருக்கை தாழ்வாக இருந்தது. இரண்டு காலும் நிலத்தில் முழுதாகப் பதிந்தன. வயிற்றுக்கும் தாங்கிக்கும் நடுவில் ஒரு கை போகும். வில் முனகவில்லை. "பெரிய ஆளுக்குப் பெரிய மெசின்தான் ஐயா" என்றார் கராஜ்காரர். அவர் உதைத்துக் கிளப்பியபோது தேத்தண்ணிக் கடையில் கோப்பைகள் அதிர்ந்தன. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

தரகர் அதைச் சுற்றி வந்தார். கைபிடியில் பிடித்து ஒரு பக்கம் சரித்துப் பார்த்தார். நிமிர்த்த மிகவும் கஷ்டப்பட்டார். பிறகு குந்தியிருந்து பின்சில்லுக்கும் அதை மூடியிருந்த மட்காட்டுக்கும் இடையில் விரலை விட்டு அளந்தார்.

"நானா, வாலைத் தூக்கிப் பாத்தது போதும். பல்லு முன்னுக்கு இருக்கு" என்றேன்.

கடை முழுவதும் சிரித்தது. சற்று முன் என்னைப் பகிடி பண்ணியவனே பெரிதாகச் சிரித்தான். எனக்கு உடம்பு லேசானது போல் இருந்தது.

தரகர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இதை நிமித்தவே ரெண்டு பேர் வேணும். சில்லுக்கும் தகரத்துக்கும் நடுவில ஒரு விரல்தான் போகுது. களிமண் அடைச்சால் உருளாது. எருமையைச் சேத்தில இறக்கிப் பாத்துத்தான் நாங்கள் வாங்கிறனாங்கள். இதையும் இறக்கிப் பாக்கோணும்."

"ஆவணியில சேத்துக்கு எங்கை போறது?"

"பொறுங்கோ. ஐப்பசி மழைக்கு ரெண்டையும் கொண்டுவந்து பாதையில விட்டுப் பாப்பம்."

"நான் உழவுக்கு வாங்கேல்லை நானா. சவாரிக்கு."

மறுபடியும் சிரிப்பு. அவர் மெல்லிய குரலில், "சவாரி மாடும் சேத்தால நடந்துதான் வீட்டை வரும், கிளாக்கர்" என்றார். அது சிரிப்பில் அமுங்கிவிட்டது.

எங்கள் பகுதியில் எல்லாரும் வாங்குவது சிறுபோக நெல் வெட்டிய பிறகுதான். கையில் காசு இருக்கும், தரை கல்லாக இருக்கும். வண்டில் என்றாலும் வானொலிப் பெட்டி என்றாலும் அப்போதுதான். நானும் அப்படியே பெரியதை வாங்கினேன்.

என் பகிடி எனக்கு முன்னமே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாட்டுத் தரகர் மோட்டார் சைக்கிளின் வாலைத் தூக்கிப் பார்த்த கதையைச் சந்தையில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள். அவரைக் கண்டால் இளந்தாரிகள், "நானா, பல்லு எத்தினை?" என்று கேட்டார்கள். நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நான் கட்டிய பகிடிகளில் அதுதான் நெடுந்தூரம் ஓடியது.

ஆவணியும் புரட்டாதியும் நான் ராசா. மனைவி பின்னால் ஒரு பக்கமாக இருந்து, ஒரு கையில் பையையும் மறு கையில் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிரே மாடு வந்தால் நான் பயத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவேன். ஏன் என்று எனக்குத் தெரியாது.

"மெல்லப் போங்கோ. நான் பிள்ளைப்பேறு பாக்கத்தான் போறன், பெறப்போகேல்லை" என்பாள்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. தார் வீதியோடு ஒட்டிய வீடுகளுக்கு மட்டும் நாங்கள் மோட்டார் சைக்கிளில் போனோம். உள்ளே போக வேண்டி வந்த நாட்களில் எனக்குத் தற்செயலாக வயிற்று வலி வந்தது. அவள் நடந்து போனாள்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம், சோற்றுக்குக் கை கழுவிய நேரம், தரகரின் மருமகன் சைக்கிளில் வந்தான். முழங்காலுக்குக் கீழே ஒரே சேறு. விடியத் தொடங்கிய நோவு இப்போது நெருக்கிப் பிடிக்கிறது என்றான். மாமனார் கடலோரப் பக்கம் மாடு பார்க்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை, வந்ததும் வண்டில் கட்டுவார், ஆனால் அவருக்காகக் காத்துக்கொண்டு இருக்க ஏலாது என்றான்.

மனைவி பையை எடுத்துக்கொண்டு, "உம்மட சைக்கிளில பின்னால இருக்கிறன் தம்பி. ஏலாத இடத்தில இறங்கி நடப்பம்" என்றாள்.

இவ்வளவு காலம் வயிற்று வலி வந்தவன் அன்றைக்குப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது தரகரின் மகள். பெரியதை வாங்கியது சரிதான் என்று அந்த ஒரு வீட்டு வாசலில் போய் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று எனக்குள் ஏதோ துள்ளியது.

"மோட்டார் சைக்கிள் நிக்கேக்கை சைக்கிளில போறதோ? நீர் முன்னுக்குப் போய்ச் சொல்லும், அம்மா வாறா எண்டு" என்று மருமகனை அனுப்பிவிட்டேன். மனைவி என்னைப் பார்த்தாள். வாக்குவாதப்பட நேரமில்லை என்று ஏறினாள்.

குளக்கட்டு வரை ஓடியது. குளக்கட்டில் இருந்து இறங்கும் பள்ளத்தில் களி. பின்சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் அது அடைத்தது. ஒரு விரல் போகும் இடம். சில்லு நின்றது. இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் காலை ஊன்றினேன். கால் முழங்கால் வரை உள்ளே போனது. அதன்மேல் மோட்டார் சைக்கிள் மெல்ல ஆறுதலாகச் சரிந்தது. மனைவி குதித்துவிட்டாள். நான் அடியில்.

சூடான புகைக் குழாய் பட்டு ஏதோ சீறியது. என் கால் அவிகிறது என்று கத்தினேன். அவிந்தது சேறு.

"விரலை ஆட்டுங்கோ" என்றாள் அவள்.

"ஆடுது."

"நோகுதோ?"

"தெரியேல்லை."

"அப்ப ஒண்டுமில்லை. பேசாமல் கிடவுங்கோ. நான் நடந்து போய் ஆக்களை அனுப்புறன்."

பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இருபது அடி போயிருப்பாள். பள்ளத்தில் மழைத் தண்ணீர் ஓடி வந்து என் தோளைத் தொட்டது. குளம் உடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்தத் தண்ணீர் ஒரு கோழிக்குஞ்சின் முழங்காலுக்கு வந்திருக்காது. நான் அவளைக் கூப்பிட்டேன். "இஞ்சேர், என்னை விட்டிட்டுப் போகாதை. நான் சாகப்போறன்" என்றேன். அவள் நின்றாள். திரும்பாமல் நின்றாள். நான் இன்னொரு தரம் கூப்பிட்டேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

அவள் திரும்பி வந்தாள்.

மோட்டார் சைக்கிளை அவளால் அசைக்க முடியவில்லை. பிறந்த பிள்ளையைக் கழுவக் கொண்டு போகும் சட்டியைப் பையில் இருந்து எடுத்து, என் காலைச் சுற்றிக் களியைத் தோண்டினாள். தோண்டத் தோண்டக் களி வந்து மூடியது. அவள் சட்டையில் குத்தியிருந்த சின்ன மணிக்கூடு குனியும்போதெல்லாம் என் முகத்துக்கு முன்னால் தொங்கியது. அதனால்தான் எனக்குத் தெரியும். முக்கால் மணித்தியாலம்.

பிறகு பின்னால் இருந்து வண்டில் சத்தம் கேட்டது. தரகர் வீட்டுக்குத் திரும்பி, விஷயம் கேட்டு, எங்கள் வீட்டுக்கு வண்டிலைக் கொண்டு போய், அங்கே ஆளில்லாமல் எங்களைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். இறங்கி வந்து பார்த்தார். மோட்டார் சைக்கிளையும் என்னையும் பார்த்தார். மாடுகளை அவிழ்த்து, கயிற்றைக் கைபிடியில் கட்டி, ஒரே இழுவையில் என்மேலிருந்து எடுத்தார். என் காலில் ஒரு கீறலும் இல்லை. முறிந்திருந்தால் எனக்குச் சொல்ல ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

மாடுகளைத் திரும்பப் பூட்டி மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். நான் அந்தப் பள்ளத்தில் மோட்டார் சைக்கிளைக் காவல் காத்துக்கொண்டு நின்றேன். அதை எவனும் திருட முடியாது என்பது எனக்குத் தெரியும்.

பிள்ளை தங்கவில்லை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது என்று மனைவி சொன்னாள். தாய் பிழைத்துவிட்டாள். மறுநாள் குசினியில் மனைவி அடுப்பூதிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று கேட்டேன்.

"முன்னமே போயிருந்தால்?"

"தெரியாது" என்றாள்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் ஒருநாள் நான் அதை மறந்திருப்பேன்.

சித்திரையில், தரை காய்ந்த பிறகு, மோட்டார் சைக்கிளை விற்கத் தரகரிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. எனக்கு வேறு ஆளைத் தெரியாது. பரந்தன் பக்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாங்க வந்தவர் குனிந்து பின்சில்லைப் பார்த்தபோது நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரகர் என் பகிடியை எனக்கே திருப்பித் தருவார் என்று காத்திருந்தேன். தந்திருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம், ஏதோ ஒன்று கரைந்திருக்கும்.

"தார் வீதியில நல்லா ஓடும். சேத்தில போகாது. பிறகு சொல்லேல்லை எண்டு சொல்லப்படாது" என்றார் அவர், வாங்க வந்தவரிடம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊரில் நான் கட்டிய பகிடிகளுக்கு எல்லாரும் முன்போலவே சிரித்தார்கள். அவர் நிற்கும் இடத்தில் மட்டும் எனக்கு வாய் வராது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கார்த்திகையில், காலையில், வண்டில் எங்கள் வாசலில் வந்து நின்றது. மகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் மழை இறுகப் போகிறது, இப்போதே மருத்துவிச்சியம்மாவைக் கொண்டுபோய் வீட்டில் வைத்திருக்கப் போகிறேன் என்றார் தரகர். மனைவி சேலை மாற்றப் போனாள். நான் பையை எடுத்து வந்து வண்டிலுக்குள் வைத்தேன். குடையையும் வைத்தேன். வைக்கோலுக்கு மேல் சாக்கை இழுத்து விரித்தேன். பிறகு வண்டிலின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஏறுவதற்கு முழங்காலை மடக்கிப் பார்த்தேன்.

"நீங்கள் நில்லுங்கோ, கிளாக்கர்" என்றார் அவர், மரியாதையாக. "பாதை சேறு."

மனைவி ஏறி இருந்தாள். வண்டிலில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.