நீல நிறத்தில் என் குடும்பம்

பண்டமாரானில் இருக்கும் எங்கள் வீட்டில், காதில் இயர்போன் மாட்டி ப்ளூஸ் என்ற ஆங்கிலப் பாட்டு கேட்டுக்கொண்டேதான் படம் வரைவேன். அப்படித்தான் என் கணவர் மீன் பொரிப்பதையும், மகள் தரையில் படுத்துப் படிப்பதையும் அந்தப் பாட்டின் பெயரில் உள்ள நீல நிறத்திலேயே முழுக்க வரைந்தேன். பிரிக்பீல்ட்ஸில் நடந்த சிறிய கண்காட்சியில் அதை வைத்தார்கள்.

துறைமுகத்தில் லோரி ஓட்டும் என் கணவர் கண்காட்சிக்கு வந்த அன்றுதான் படத்தை நின்று பார்த்தார். ப்ளூஸ் கேட்டு வரைந்தது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்த ஒருவர், "ப்ளூஸ்னா சோகப் பாட்டுலா," என்று நண்பரிடம் சொன்னார். என் கணவரின் முகம் வாடிவிட்டது.

"நம்ம வீட்டுல உனக்கு அவ்ளோ கஷ்டமா?" என்றார் மெதுவாக.

இயர்போனை அவர் காதில் மாட்டி, வரையும்போது கேட்ட பாட்டையே போட்டேன். படத்தைப் பார்த்தபடி கேட்டார். கொஞ்ச நேரத்தில் தலை லேசாக ஆடியது.

"அழுவுற மாதிரி ஆரம்பிக்கிறான். ஆனா போகப்போக சிரிச்சிக்கிட்டே பாடுறான்லா. நம்ம வீடு மாதிரிதான்," என்றார்.

பிறகு வந்தவர்களிடமெல்லாம், "அந்த மீன் பொரிக்கிறது நான்தான்," என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

என் படத்தை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் வீட்டிலேயே இருந்திருக்கிறார். நான்தான் அவரிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.